எருக்கஞ்செடியில் வெந்தய வரியன்: முட்டை முதல் இறக்கை வரை பார்க்க ஒரு வழிகாட்டி

பட்டாம்பூச்சி பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் பூவைத் தேடித்தான் போகிறார்கள். பூவில் தேன் குடிக்க வரும் பூச்சி சில நொடிகள் இருக்கும், செல்போனை எடுப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விடும். அது எங்கே பிறந்தது, எதைத் தின்று வளர்ந்தது, எத்தனை நாள் உறங்கியது என்று எதுவும் நமக்குத் தெரியாமலே போய்விடும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்தப் பூச்சி முட்டையிடும் செடியைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நிற்பது. முதல் பூச்சியாக நான் எல்லோருக்கும் சொல்வது வெந்தய வரியனைத்தான். அதன் செடி எருக்கு.

2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பக்கம் போக வேண்டும். வெந்தய வரியனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் காலி மனை போதும். ஆண்டு முழுவதும் பறக்கும், மழைக்காலம் முடிந்த மாதங்களில் இன்னும் அதிகமாகத் தென்படும். மெதுவாக, தாழ்வாக, நேராகப் பறக்கும் பூச்சி என்பதால் கண்ணால் தொடர்ந்து போகவும் முடியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் செடியைப் பிடியுங்கள்

எருக்கு (யாழ்ப்பாணத்தில் எருக்கலை) தெரியாதவர்கள் குறைவு. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டும் அதே பூ. சாம்பல் பூத்த பச்சையில் தடித்த அகல இலைகள் எதிரெதிராக இருக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைத் தூள் ஒட்டியதுபோல் இருக்கும். கிள்ளினால் பால் வரும். இரயில் பாதை ஓரம், தரிசு நிலம், சாலையோரம், ஏரிக்கரை, கடற்கரை மணல், இடிந்த சுவரடி என வெயில் நன்றாக விழும் எந்த இடத்திலும் வளரும். வெந்தய வரியனும் வெட்டவெளிப் பூச்சிதான். அடர்ந்த மழைக்காட்டுக்குள் அதைத் தேட வேண்டாம். புதர்க்காடு, வயல் வரப்பு, பூங்கா, மொட்டைமாடித் தோட்டம் ஆகியவையே அதன் இடம்.

எருக்கு மட்டும்தான் அதற்கு உணவு என்று நினைத்துவிடாதீர்கள். வேலிகளில் படரும் வேலிப்பருத்தி என்னும் உத்தாமணிக் கொடியிலும் முட்டையிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பால் செடிகளிலும் இடும். நர்சரிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அயல்நாட்டு மில்க்வீட் விற்கிறார்கள், அதிலும் இடும். ஆனாலும் தேடிப் பழகுவதற்கு எருக்குதான் சரி. இலை பெரியது, செடி இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை இருக்கும், குனிந்து பார்த்தாலே அடிப்பக்கம் தெரியும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆரம்பத்தில் வலி தெரியாமலே இருக்கலாம், ஆனால் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும். இலையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு, வலி இல்லையே என்று காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் இலை கிள்ளும் வேலையை நீங்களே செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பூச்சியை அடையாளம் காண்பது

வெயில் ஏறத் தொடங்கும் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் போய் நில்லுங்கள். இறக்கையை முழுக்க விரித்தால் 7 முதல் 8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மேல்பக்கம் வெந்தயத்தை வறுத்து எடுத்த பழுப்பு கலந்த ஆரஞ்சு நிறம். முன்னிறக்கையின் நுனி கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. எல்லா இறக்கைகளின் ஓரத்திலும் கறுப்புக் கரை, அதில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். தலையும் மார்பும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்தவை. உட்கார்ந்திருக்கும்போது கால்களை எண்ணிப் பாருங்கள், நான்குதான் தெரியும். முன்னங்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டியிருக்கின்றன. நடக்க அவை பயன்படுவதில்லை.

ஆணா பெண்ணா என்பதைப் பின்னிறக்கை சொல்லிவிடும். நடுப்பகுதியில் மூன்று கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் பெண். அவற்றோடு, நடுவில் வெள்ளை வைத்த பெரிய நான்காவது புள்ளியும் இருந்தால் ஆண். அந்த நான்காவது புள்ளி உண்மையில் ஒரு வாசனைப் பை. ஆணின் வயிற்று நுனியில் தூரிகைபோல் விரியும் மயிர்க்கற்றைகளும் உண்டு. பெண்ணைச் சுற்றிப் பறக்கும்போது அதை விரித்து வாசனை தூவும். அந்த வாசனையைத் தயாரிக்கத் தேவையான வேதிப்பொருள் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளில் இருக்கிறது. அதனால்தான் பூவே இல்லாத காய்ந்த தேள்கொடுக்கில் ஆண் வரியன்கள் மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு தேள்கொடுக்குச் செடியைப் பிடுங்கி வெயிலில் வாட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். வரியன் இனத்து ஆண்கள் தேடி வருவதைப் பார்ப்பது நல்ல அனுபவம்.

இரண்டு பூச்சிகள் புதியவர்களைக் குழப்பும். ஒன்று, இதே ஆரஞ்சில் நரம்புகள் எல்லாவற்றிலும் தடித்த கறுப்புக்கோடு ஓடும் இன்னொரு வரியன். கோடுகளைப் பார்த்தாலே பிரித்துவிடலாம். மற்றது கொஞ்சம் கடினம். டனாய்ட் எக்ஃப்ளை என்ற வேறொரு குடும்பக்கிளைப் பூச்சியின் பெண், வெந்தய வரியனை அச்சாக ஒத்திருக்கும். பறக்கும் விதத்தைக்கூட ஒத்திருக்கும். அதன் பின்னிறக்கையில் மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கறுப்புப் புள்ளிதான் உண்டு. அதன் ஆணோ முற்றிலும் வேறு தோற்றம்: கருநிற இறக்கையில் பெரிய வெள்ளை வட்டங்கள், அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கம்.

ஏன் இந்த வேடம்? வெந்தய வரியனின் புழு எருக்கம்பாலிலுள்ள நச்சைத் தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. அந்த நச்சு இறக்கை முளைத்த பிறகும் கூடவே இருக்கும். கொத்திய பறவை குமட்டிவிட்டு விட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகும். நச்சே இல்லாத எக்ஃப்ளைப் பெண் அதே நிறத்தை உடுத்திக்கொண்டு தப்பிக்கிறது. எல்லா வெந்தய வரியன்களிலும் நச்சு ஒரே அளவில் இருப்பதில்லை. தின்ற செடியைப் பொறுத்துக் கூடும், குறையும். தோலும் தடித்தது. பிடித்தால் செத்ததுபோல் கிடந்து, விட்டதும் பறந்துவிடும். அவசரமே இல்லாமல் பறப்பதற்கு இந்தப் பாதுகாப்புதான் காரணம்.

முட்டை தேடுதல்

எருக்கஞ்செடியைச் சுற்றித் தயங்கித் தயங்கிப் பறக்கும் பெண் கிடைத்தால் அசையாமல் நில்லுங்கள். அது இலைமேல் இறங்கி, சுருங்கிய முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். அந்தக் கால்களில்தான் சுவை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. இதுதான் நம் செடி என்று உறுதியானதும் இலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அடிப்பக்கமாக வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும். உடனே பறந்து அடுத்த இலைக்கோ அடுத்த செடிக்கோ போய்விடும். குவியலாக இடும் வழக்கம் இதற்குக் கிடையாது.

பெண்ணைப் பார்க்க முடியவில்லை என்றால் நேரடியாக இலைகளைப் புரட்டலாம். கிளை நுனியில் இருக்கும் இளம் இலைகளில் தொடங்குங்கள். வெள்ளி மின்னும் வெண்மை, கூர்மையான குவிமாட வடிவம், உயரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கைலென்ஸ் இருந்தால் மேலிருந்து கீழாக ஓடும் வரிகளும் தெரியும். இலையின் வெள்ளைத் தூளுக்கு நடுவே முதல் முட்டையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஒன்றைப் பார்த்துக் கண் பழகிவிட்டால் அடுத்தவை தானாகக் கண்ணில் படும். இலையைக் கிள்ளாமல் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

எருக்கில் வேறு குடியிருப்போரும் உண்டு. மஞ்சள் நிறத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பவை அசுவினிகள். அவற்றின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் ஏறும், ஏறிய எறும்புகள் வரியன் முட்டைகளையும் விட்டுவைக்காது. அதனால் அசுவினி மொய்த்த செடியைவிடச் சுத்தமான செடியில் தேடுவது பலன் தரும். மஞ்சளும் நீலமுமாகப் பளிச்சென்று இருக்கும் எருக்கு வெட்டுக்கிளியும் இருக்கலாம். தொந்தரவு செய்தால் திரவம் பீய்ச்சும், முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

புழுவோடு இரண்டு வாரம்

மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். வெளியே வரும் புழு வெளிறிய உடலும் கறுத்த தலையுமாக இருக்கும். முதல் உணவு அதன் முட்டை ஓடேதான். அதன் பிறகு அது செய்வதை நேரில் பார்க்க முடிந்தால் விடாதீர்கள். எருக்கம்பால் ஒட்டும் தன்மை கொண்டது, சின்னப் புழு அதில் சிக்கினால் வாய் ஒட்டிக்கொள்ளும், செத்தும் போகும். அதனால் இலையில் வட்டமாக ஒரு கோடு கடித்துப் பாலை வடியவிட்டு, பால் வராத அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து தின்னும். வளர்ந்த புழுக்கள் இலையின் நடுநரம்பையே கடித்துப் பால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தொங்கிய இலையைத் தின்னும். எருக்கஞ்செடியில் வட்ட ஓட்டைகளோ, நடுநரம்பு கடிபட்டுத் தொய்ந்த இலையோ தெரிந்தால் பக்கத்தில் புழு இருக்கிறது என்று பொருள்.

வளர்ந்த புழுவை வேறு எதனோடும் குழப்ப முடியாது. வெள்ளை, கறுப்பு வளையங்கள் உடல் முழுக்க மாறி மாறி வரும். முதுகின் இரு ஓரமும் மஞ்சள் புள்ளிகள். தலையில் கறுப்பு வெள்ளை அரைவட்டங்கள். உணர்கொம்புபோல் நீண்ட சதைக் கொம்புகள் மூன்று ஜோடி: தலைப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வால்பக்கம் ஒன்று. அவற்றின் அடிப்பக்கம் சிவந்திருக்கும். முடி கிடையாது, அரிப்பு ஏற்படுத்தாது, கடிக்காது. வளர்ச்சிக்குள் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். தோலுரிக்கும் முன் ஒரு நாள் அளவுக்கு அசையாமல் தின்னாமல் இருக்கும். நோய் என்று நினைத்துக் குச்சியால் தட்டி எழுப்பக் கூடாது, கால்களால் இறுகப் பிடித்திருக்கும் அந்தப் பிடி போனால் தோலுரிக்க முடியாமல் இறந்துவிடும்.

வீட்டில் வளர்க்க விரும்பினால்

இரண்டு அல்லது மூன்று புழு போதும். நாம் வளர்ப்பது கற்றுக்கொள்ள மட்டுமே. வெந்தய வரியன் நம்மை நம்பி இருக்கும் பூச்சி அல்ல, அதற்குத் தேவை எருக்கஞ்செடி. இருபது முப்பது புழுக்களை ஒரே டப்பாவில் அடைத்தால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும்.

அகன்ற வாய் கொண்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உயரம் ஒரு சாண் இருக்கட்டும். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அடியில் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். முட்டையோ புழுவோ இருக்கும் இலையைக் காம்போடு வெட்டி, வெட்டிய முனையில் ஈரப் பஞ்சு சுற்றி உள்ளே வையுங்கள். தண்ணீர் நிரம்பிய சின்னப் பாட்டிலில் செருக வேண்டாம், புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். மூடிய டப்பாவை வெயிலில் வைக்கவே கூடாது.

தினமும் காலையில் புது இலை வையுங்கள், பழைய தாளையும் புழுக்கையையும் அப்புறப்படுத்துங்கள். புழுவைக் கையால் பிடித்து மாற்றாதீர்கள். அது இருக்கும் இலைத் துண்டைக் கத்தரித்துப் புது இலைமேல் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். இலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பூச்சிமருந்து அடித்த வயலோரமும், கொசுப்புகை அடிக்கும் தெருவோரமும் வேண்டாம். பறித்த இலையைக் கழுவித் துடைத்து ஈரம் காய்ந்தபின் கொடுங்கள். கடைசிப் பருவத்தில் ஒரு புழு ஒரே நாளில் பெரிய இலையையே காலி செய்யும், வீட்டருகே செடி இல்லாதவர்கள் அதை முன்கூட்டியே யோசித்துத் தொடங்க வேண்டும்.

முட்டையிலிருந்து எடுத்து வளர்ப்பதே நல்லது. வெளியிலிருந்து எடுத்து வரும் பெரிய புழுக்களுக்குள் ஏற்கெனவே ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ முட்டையிட்டிருக்கக் கூடும். திடீரென்று ஒரு நாள் புழுவின் உடலை ஒட்டிச் சின்ன வெள்ளைக் கூடுகள் தெரியும். அல்லது கூட்டுப்புழு கறுத்து, அதிலிருந்து ஒரு நூல் தொங்கி, கீழே ஈயின் புழு கிடக்கும். பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் குளவியும் ஈயும் இதே எருக்கை நம்பி வாழும் உயிர்கள்தாம், அவற்றைக் கொல்லாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

கூட்டுப்புழு

சுமார் இரண்டு வாரம் தின்றபின் புழு உணவை விட்டுவிட்டு அலையத் தொடங்கும். டப்பாவின் மேல்பகுதிக்கு ஏறி, பட்டு நூலால் ஒரு திட்டு நெய்து, வால்முனையை அதில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். உடல் கொக்கிபோல் வளைந்திருக்கும். ஒரு நாள் கழித்துக் கொம்புகள் வாடித் துவண்டு முறுக்கிக்கொண்டால் நேரம் நெருங்கிவிட்டது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முதுகுத் தோல் பிளந்து மேல்நோக்கிச் சுருண்டு ஏற, உள்ளிருந்து கூட்டுப்புழு வெளிப்படும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை.

கூட்டுப்புழு பச்சையாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ஒரே ஊரில், ஒரே செடியில் வளர்ந்தவற்றிலும் இரண்டு நிறமும் வரும். பச்சை இலைகளுக்கு நடுவே தொங்கினால் பச்சை, காய்ந்த குச்சி, சுவர், பிளாஸ்டிக் போன்ற இடங்களில் இளஞ்சிவப்பு என்பதே பெரும்பாலும் நடப்பது. வயிற்றைச் சுற்றிப் பொன் மின்னும் மணிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். இந்தப் பருவம் ஏழு முதல் பத்து நாள், குளிர்ந்த மாதங்களில் இன்னும் நீளும்.

கடைசி நாளில் ஓடு கண்ணாடிபோல் ஆகி, உள்ளே மடிந்திருக்கும் ஆரஞ்சு இறக்கையும் கறுப்பு நுனியும் தெரியும். மறுநாள் காலையிலேயே பூச்சி வெளியேறிவிடும். ஓட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சுருங்கிய இறக்கைகளுக்குள் உடல்நீரைப் பாய்ச்சி விரிக்கும். அப்போது செம்பழுப்புத் துளிகள் சொட்டும். இரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இறக்கை காய ஒன்றிரண்டு மணிநேரம் ஆகும். அதுவரை தொடாதீர்கள், டப்பாவைச் சாய்க்காதீர்கள். தொங்க இடமில்லாமல் கீழே விழுந்தால் இறக்கை கோணலாக உலர்ந்துவிடும், பிறகு பறக்கவே முடியாது. டப்பாவுக்கு ஒரு சாண் உயரம் கேட்டது இதற்காகத்தான். இறக்கையை மெதுவாக அசைத்துப் பார்க்கத் தொடங்கியதும், மழையில்லாத வேளையில், எருக்கும் பூக்களும் இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போய்த் திறந்துவிடுங்கள்.

பழைய பூச்சி, பெரிய உலகம்

இந்தப் பூச்சியின் பரப்பு மிகப் பெரியது. ஆப்பிரிக்கா முழுதும், மத்தியதரைக் கடற்கரைகளிலும், இந்தியா, இலங்கை தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரையிலும் வாழ்கிறது. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார், இன்றைய பெயர் டனாஸ் கிரைசிப்பஸ். அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் நைல் நதிச் சதுப்பு வேட்டைக் காட்சிக்கு நடுவே இதை வரைந்திருக்கிறார்கள். அந்தச் சுவரோவியம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பு நுனியும் வெள்ளைப் பட்டையும் தெளிவாகத் தெரியும்.

ஆப்பிரிக்காவில் இதற்கு வேறு முகங்களும் உண்டு. கறுப்பு நுனியே இல்லாத வடிவமும், பின்னிறக்கை வெள்ளையான வடிவமும் அங்கே சாதாரணம். கென்யாவின் நைரோபி சுற்றுவட்டாரத்தில், ஸ்பைரோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றிய தாய்களின் ஆண் குஞ்சுகள் முட்டையிலேயே இறந்துவிடுகின்றன, பெண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. நம் தெருவோரப் பூச்சியை ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செடி வைப்பதும் குறித்துவைப்பதும்

இடமிருந்தால் ஓர் எருக்கஞ்செடியை வளரவிடுங்கள். முற்றிய காய் வெடித்துப் பஞ்சோடு பறக்கும் விதையை மணல் கலந்த மண்ணில் தூவினால் முளைக்கும். முற்றிய தண்டை வெட்டி, பால் உலர்ந்தபின் நட்டாலும் வேர்விடும். முழு வெயில் வேண்டும், தண்ணீர் அளவோடு போதும். பால்கனி மட்டும் உள்ளவர்கள் தொட்டியில் வேலிப்பருத்தி வைத்துக் கம்பியில் படரவிடலாம். பூச்சி தேன் குடிக்க வெட்டுக்காயப் பூண்டைக் களையென்று பிடுங்காமல் விட்டுவையுங்கள், அந்தச் சின்னப் பூவில் வரியனை அடிக்கடி பார்க்கலாம். இலையைப் புழு தின்றுவிட்டதே என்று மருந்து அடிக்காதீர்கள். மொட்டையான எருக்கு சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். பொது இடத்தில் செடியை வெட்ட வருகிறவர்களிடம் ஒரு புழுவைக் காட்டிப் பேசிப் பாருங்கள், பலர் அரிவாளை இறக்கிவிடுவார்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டை கண்ட தேதி, பொரித்த தேதி, ஒவ்வொரு தோலுரிப்பு, கூட்டுப்புழு ஆன நாளும் அதன் நிறமும், வெளிவந்த நேரம், ஆணா பெண்ணா, அன்றைய மழை வெயில். மே மாதக் கணக்கையும் டிசம்பர் மாதக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் குளிர் எத்தனை நாளைக் கூட்டுகிறது என்பதை உங்கள் ஊருக்கே உரிய எண்ணாகப் பார்ப்பீர்கள். படங்களை, பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் இடமும் தேதியும் சேர்த்து ஏற்றலாம். பெரிய பூச்சியின் படம் நிறைய வருகிறது, எந்தச் செடியில் முட்டை இருந்தது என்று காட்டும் படங்கள் மிகக் குறைவு. ஆகவே இலையின் அடிப்பக்கத்தையும், முழுச் செடியையும் தனித்தனியாக எடுத்துச் சேருங்கள். செப்டம்பர் மாதத்தை இந்தியா முழுவதும் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடுகிறார்கள், உங்கள் மாவட்டத்தில் நடக்கும் நடைகளில் சேர்ந்துகொண்டால் அடுத்த பூச்சிக்கு எந்தச் செடியைத் தேடுவது என்று காட்டித் தர ஆள் கிடைப்பார்கள்.